வேண்டாமென்று ஒரு கடிதம்

1969 பிப்ரவரியில், கடத்தூர்ப் பக்கத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் கிளார்க்காக இருந்த இசபெல்லா பதினோரு தபால் கார்டு வாங்கி, பதினோரு தனியார் மகளிர் கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டாள். எல்லாக் கார்டிலும் ஒரே வாசகம்தான். உங்களிடம் என்னென்ன பாடங்கள் உண்டு, விடுதி உண்டா, வசதியில்லாத பெண்களுக்குச் சலுகை உண்டா, விவரம் அனுப்பவும். கீழே தன் பெயரைப் போட்டு, 'கிளார்க்' என்று எழுதாமல் 'மாணவிகளுக்காக' என்று எழுதினாள்.

யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளைகளுக்கு டி.சி. எழுதிக் கொடுப்பது அவள் வேலை. ஐந்து வருடமாக எழுதுகிறாள். பையன்கள் அதை வாங்கிக்கொண்டு தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போனார்கள். பெண்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தினம் பஸ் மாறிக் கல்லூரிக்குப் போய்வர எந்த வீட்டிலும் விடவில்லை. தங்கிப் படிக்கிற இடமெல்லாம் தனியார் கல்லூரி, அது பணக்கார வீட்டுப் பெண்களுக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு கல்லூரியின் வாசலையும் பார்த்தவரில்லை.

இசபெல்லாவும் பார்த்ததில்லை. அவள் தேறிய வருடம் பங்குச் சாமியார் ஒரு கல்லூரியிலிருந்து விண்ணப்பம் வரவழைத்துக் கொடுத்தார். அவள் அப்பா சவரிமுத்து அதை மூன்று நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அங்க எப்படி இருக்கும்னு நமக்கு என்னா தெரியும் சாமி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இசபெல்லா சேலத்தில் டைப்ரைட்டிங் படித்து கிளார்க்கானாள்.

பதினோரு கார்டுக்கு ஒன்பது பதில் வந்தது. சில கல்லூரிகள் படம் போட்ட புத்தகமே அனுப்பியிருந்தன. ஹெட்மாஸ்டர் முனிராஜ் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். ஓசூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுபவர். யோசித்துத்தான் வாயைத் திறப்பார்.

"பெரிய எடமா இருக்குதேம்மா. நம்ம பொண்ணுங்க இங்கிலீஷ்ல பேர் கேட்டாலே தலையக் குனிஞ்சிக்கும்."

"சலுகை இருக்குதுங்க சார். ஸ்காலர்ஷிப்பும் இருக்குது. நாமதான் கேட்டதில்ல."

"கேளுங்க, நான் தடுக்கலை. அப்பா அம்மாவக் கூப்பிட்டுச் சொல்லுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை ரூமைத் தொறந்து தரேன்."

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பிய பிறகு கூட்டம் நடந்தது. பதினான்கு பெண்களின் வீட்டுக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். ஆறு பேர் வந்தார்கள். இசபெல்லா ஒன்பது புத்தகங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் குள்ளம்மாள் எழுந்தாள். மானாவாரி நிலத்தில் கடலையும் கேழ்வரகும் போடும் மாதப்பனின் மனைவி. அவள் மகள் பெரியம்மாள்தான் வகுப்பில் முதல்.

"கிளார்க்கம்மா, கேட்டைச் சாயந்திரம் எத்தன மணிக்குச் சாத்துவாங்க? காச்ச வந்தா யாரு பாப்பாங்க? எங்க பொண்ணுங்க பக்கத்துல வேற சாதிப் பொண்ணுங்க ஒக்காந்து சாப்புடுவாங்களா, எந்திரிச்சிப் போயிருவாங்களா?"

இசபெல்லா புத்தகத்தைத் திறந்தாள். அதில் நூலகக் கட்டடத்தின் நீளம் அகலம் இருந்தது. குள்ளம்மாள் கேட்ட எதுவும் இல்லை.

"தெரியலீங்க" என்றாள். "போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப போய்ப் பாத்துட்டுச் சொல்றோம்" என்று குள்ளம்மாள் உட்கார்ந்தாள்.

ஜூனில் முடிவு வந்தது. பெரியம்மாள் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஆறு. அந்தப் பள்ளியில் ஆணோ பெண்ணோ அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. முனிராஜ் வகுப்பு வகுப்பாகப் போய்த் தானே சொல்லிவிட்டு வந்தார். இசபெல்லா இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ஒன்று மெட்ராஸில், பேர் சொன்னாலே எல்லோருக்கும் தெரிகிற பெரிய கல்லூரி. இன்னொன்று கோயம்புத்தூரில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற சிறிய கல்லூரி. அது ஆரம்பித்து ஏழெட்டு வருடம்தான் ஆகியிருந்தது. மெட்ராஸ் கிடைக்காமல் போனால் இருக்கட்டும் என்றுதான் அதற்குப் போட்டாள்.

மெட்ராஸிலிருந்து முதலில் பதில் வந்தது. பி.யூ.சி. என்கிற புகுமுக வகுப்பில் இடம் உண்டு, விடுதியும் உண்டு. கணக்குப் பிரிவு நிரம்பிவிட்டது, தமிழில் படித்து வருகிறவர்களுக்குச் சரித்திரப் பிரிவு பொருத்தமாக இருக்கும், அதில் சேரலாம் என்று இருந்தது. இசபெல்லா முதல் வரியை மட்டும் நாலு முறை படித்தாள். அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சவரிமுத்து கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி, தலைப்பில் இருந்த கல்லூரி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

நாலு நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. பெற்றோருடன் நேர்காணலுக்கு வரவும்.

"இது இனிமே வேண்டியதில்ல" என்றாள் இசபெல்லா. "மெட்ராஸே கெடச்சிருச்சி."

குள்ளம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டுக்கும் எழுதிப் போட்டது நீங்கதானுங்க. கூப்புட்டவங்க வூட்டுக்குப் போய்ப் பாக்காமலே வேணாங்கறது நல்லாருக்குமா?"

மாதப்பனுக்குக் கடலை விதைப்பு. அவரால் நகர முடியாது. "நீ போயிட்டு வா. ஒனக்குச் சரின்னா எனக்கும் சரி" என்று மனைவியிடம் சொல்லி, மொரப்பூர் ஸ்டேஷன் வரை வந்து மனைவி, மகள், இசபெல்லா மூன்று பேரையும் ரயில் ஏற்றிவிட்டார்.

கோயம்புத்தூரில் அவர்களை விடுதியிலேயே தங்கச் சொன்னார்கள். குள்ளம்மாள் பையை வைத்ததும் வைக்காததுமாகக் கிளம்பிவிட்டாள். சமையல்கட்டுக்குப் போய் உலையைப் பார்த்தாள். குளிக்கிற இடத்தில் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். கேட்டுக்காரரிடம் எத்தனை மணிக்குச் சாத்துவார் என்று கேட்டாள். நோயாளிகள் அறையில் இருந்த சிஸ்டரிடம், போன மாதம் யாருக்காவது காய்ச்சல் வந்ததா, என்ன செய்தீர்கள் என்று கேட்டு, பதில் முடியும்வரை நகராமல் நின்றாள். இசபெல்லாவுக்குக் கூச்சமாக இருந்தது. "போதுங்க, தப்பா நெனச்சுக்குவாங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

"நெனச்சா நெனக்கட்டும். பொண்ண உட்டுட்டுப் போறவ நானு."

சாயங்காலச் சாப்பாட்டின்போது குள்ளம்மாள் தன் தட்டோடு நீளப் பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். குள்ளம்மாள் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் தலையசைத்துவிட்டு, ரசம் வேண்டுமா என்று கேட்டு வாங்கி ஊற்றினாள். யாரும் எழுந்து போகவில்லை. குள்ளம்மாள் இரண்டு முறை ரசம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை நேர்காணல். பிரின்சிபால் சிஸ்டர் ஆங்கிலத்தில் பேரும் ஊரும் கேட்டார். பெரியம்மாள் சொன்னாள். அடுத்த கேள்வி நீளமாக இருந்தது. இசபெல்லா தன் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"காதுல கேட்டாப் புரியலீங்க சிஸ்டர்" என்றாள் பெரியம்மாள். "எழுதிக் காட்டுனா புரிஞ்சுக்குவேன்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, ஒரு வட்டமும் இரண்டு கோடுகளும் போட்டு, ஆங்கிலத்தில் கணக்கை எழுதி அவள் பக்கம் தள்ளினார். பெரியம்மாள் படித்தாள், போட்டாள். முடித்தபின் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுத ஆரம்பித்தாள். சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் அனுப்பிக் கணக்குப் பேராசிரியையைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"இந்த ரெண்டாவது வழி யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லீங்க. மொத வழி நீளமா இருந்துச்சு. அதான்."

பேராசிரியை அந்தத் தாளை மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். "கணக்குப் பிரிவுல இடம் குடுங்க சிஸ்டர். இங்கிலீஷை நான் பாத்துக்கறேன்" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் சேலம் தாண்டியதும் இசபெல்லா பேச்சைத் தொடங்கினாள். இந்தக் கல்லூரி நல்ல இடம்தான், ஆனால் மெட்ராஸ் கல்லூரியின் பேர் வேறு. அங்கே படித்தவள் என்றால் எந்த ஆபீஸிலும் எழுந்து நிற்பார்கள். சரித்திரமும் நல்ல படிப்புதான். பட்டம் வாங்கிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். அவள் சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்துகொண்டே போனது.

குள்ளம்மாள் மகளைப் பார்த்தாள். "படிக்கப் போறவ நீ. ஒனக்கு எதும்மா?"

பெரியம்மாள் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "சரித்திரம் படிச்சா நான் கணக்கு எப்பங்க போடறது?" என்று இசபெல்லாவைக் கேட்டாள். எதிர்த்துப் பேசுகிற தொனி இல்லை. பதில் தெரியவேண்டும் என்றுதான் கேட்டாள்.

ரயில் பொம்மிடியில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். இசபெல்லா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெட்ராஸ் கடிதத்தின் முதல் வரியை நாலு முறை படித்தது யார், இரண்டாம் வரியைக் கண்டுகொள்ளாமல் விட்டது யார் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அந்தக் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டவள் பதினாறு வயது இசபெல்லா. எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்த ஆசை இல்லை. அவளுக்கு வேறு ஆசை இருக்கிறது, அதை ஒரே வரியில் சொல்லவும் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. மொரப்பூர் வருவதற்குள் அந்த வெட்கம் எங்கோ போய், நெஞ்சு நிறைந்த மாதிரி இருந்தது. இடம் கிடைத்தால் போதும் என்று கெஞ்சி நிற்கத்தான் தன் காலத்தில் தெரிந்திருந்தது. இந்தப் பெண் இரண்டைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள்.

மறுநாள் பள்ளியில் இசபெல்லா மெட்ராஸ் கல்லூரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் டைப் செய்தாள். மாணவிக்கு வேறு கல்லூரியில் கணக்குப் பிரிவில் இடம் கிடைத்துவிட்டதால் தாங்கள் அளித்த இடத்தை ஏற்க இயலவில்லை, வருந்துகிறோம். ஹெட்மாஸ்டர் கையெழுத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள். முனிராஜ் நிதானமாகப் படித்தார்.

"நம்மூர்லயிருந்து மெட்ராஸ் காலேஜுக்கு வேணாம்னு லெட்டர் போகுதா?"

"ஆமாங்க சார்."

"இதுக்கு முன்ன எப்பவாவது போயிருக்குதா?"

"வேணும்னுகூட அதிகமாப் போனதில்லீங்க சார்."

அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தினார். "ரெக்ரெட்னு போட்டிருக்கீங்களே. நமக்கு என்னம்மா ரெக்ரெட்டு? அத எடுத்துருங்க. வித் தேங்க்ஸ் போதும்."

இசபெல்லா கடிதத்தை வேறு தாளில் திரும்ப டைப் செய்தாள். அந்த வேலையை அவள் அவசரமில்லாமல், ஒரு தப்பும் இல்லாமல் செய்தாள். கார்பன் நகல் ஒன்று எடுத்துக் கோப்பில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து முனிராஜ் வந்து அந்த நகலை வாங்கிக்கொண்டு போய் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

அந்த வருடம் பெரியம்மாள் ஒருத்திதான் போனாள். அடுத்த வருடம் மூன்று பேர் போனார்கள். அவர்களில் ஒருத்தி, மகளை வெளியூர் அனுப்பவே மாட்டேன் என்று சொல்லியிருந்த மிக்கேலம்மாளின் மகள் லூர்து மேரி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இசபெல்லா புத்தகங்களைப் பரப்பி வைப்பாள். கல்விக் கட்டணம், பாடப்பிரிவு, ஸ்காலர்ஷிப், எந்தத் தேதிக்குள் அனுப்பவேண்டும், எல்லாம் சொல்வாள். பிறகு குள்ளம்மாள் எழுந்து, தான் போய்ப் பார்த்ததை வைத்து மீதியைச் சொல்வாள். தாய்மார் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார்கள். பெரியம்மாள் விடுமுறைக்கு வரும்போது பின்வரிசையில் உட்கார்ந்து அம்மா பேசுவதைக் கேட்பாள். 1973இல் அவள் பி.எஸ்ஸி. கணக்கில் முதல் வகுப்பில் தேறி, அதே கல்லூரி சொல்லியனுப்பிய இடத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்தாள்.

அதற்கு முந்தைய வருடம் நடந்ததை இசபெல்லா பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். திருச்சிப் பக்கம் புதிதாக ஆரம்பித்த ஒரு தனியார் கல்லூரி அழகான புத்தகம் அனுப்பியிருந்தது. ஐந்து பெண்களின் வீட்டில் அதையே பேசினார்கள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. குள்ளம்மாள் தாய்மார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தானே கிளம்பினாள். வழியும் வண்டியும் எழுதித் தரட்டுமா என்று இசபெல்லா கேட்டாள். "எழுதிக் குடுத்தாப் படிக்கறது யாருங்க? கேட்டுக்கிட்டே போயிருவோம்" என்றாள் குள்ளம்மாள்.

மூன்றாம் நாள் காலை அவள் பள்ளி ஆபீஸுக்கு வந்தாள். இசபெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டாள். குள்ளம்மாள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"அது வேணாங்க கிளார்க்கம்மா."

"ஏங்க, சாப்பாடு சரியில்லையா?"

"சாப்பாடு நல்லாருக்குது. எடம் சுத்தமா இருக்குது. பாடம் நடத்தறவங்க பாதிப் பேரு இன்னும் வரலை. பொண்ணுங்களக் கேட்டேன். வருவாங்கன்னு ஆறு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்காங்களாம். அங்கயே பெரியவங்ககிட்ட சொல்லிட்டேன், ஆளுங்க வந்தப்பறம் கார்டு போடுங்க, வந்து பாக்கறோம்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சரிங்கம்மான்னாங்க."

இசபெல்லா தன் பட்டியலை எடுத்து அந்தப் பெயரின் மேல் கோடு இழுத்தாள். குள்ளம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கோடு சரியான இடத்தில்தான் விழுகிறதா என்று குனிந்து பார்த்தாள்.