மூன்றாம் ஓலைக்கு முன்

தீக்குச்சியை ஊதி அணைத்த பிறகுதான் அன்சிலாவுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

பீடத்தின் ஓரத்தில், பச்சை இலைகள் சுற்றிய வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் நின்றன. மூன்று ஊதா, ஒன்று ரோஸ். திருவருகைக் காலத்தில் வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்ற வேண்டும். ரோஸ் மூன்றாவது வாரத்துக்கு, மகிழ்ச்சி ஞாயிற்றுக்கு உரியது. இன்று இரண்டாவது வாரம்தான். ஊதாவுக்குப் பக்கத்தில் ரோஸ் மெழுகுவர்த்தி ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

பங்குச்சாமி பார்த்தார். லேசாகச் சிரித்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். பெண்கள் பக்கம்தான் சும்மா இருக்கவில்லை.

வெளியே வந்ததும் சவரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி அன்சிலா, கல்யாணத்தத்தான் சீக்கிரம் வைக்க முடியல. மகிழ்ச்சி ஞாயித்தையாவது முன்னக்கூட்டி வச்சுட்டியாக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்சிலாவும் சிரித்துவைத்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுல அவிய என்னதான் சொல்லுதாவ? ரெண்டு ஓலையோட நிக்கேயேட்டி."

சிரிப்பு நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று அறிவிப்பார்கள். அதுதான் ஓலை. இரண்டு ஓலை வாசித்திருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை வல்லரசுவின் அப்பா மிக்கேல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆயிற்று. "கொஞ்சம் தள்ளி வைப்போம்" என்றார்கள். தள்ளி வைத்ததில் திருவருகைக் காலம் வந்துவிட்டது. இனி கிறிஸ்துமஸ் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குப் பிறகு எப்போது என்றால், அந்த வீட்டிலிருந்து நேரான பதில் இல்லை.

அந்தக் "கொஞ்சம் தள்ளி வைப்போம்" அன்சிலாவுக்குப் புதிதல்ல. மதுரைச் சம்பந்தம் ஒன்று அப்படித்தான் போனது. தள்ளி வைத்தவர்கள் திரும்பி வரவே இல்லை. ஆனால் மதுரைக்காரனின் முகம்கூட இப்போது அவளுக்கு நினைவில்லை. வல்லரசு அப்படியில்லை. கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் "பிரமாதம்" என்று பஜ்ஜியைத் தின்றுகொண்டிருக்க, "உப்பு போட மறந்துட்டீங்க" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னவன். அந்த நிமிடமே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அப்படிப்பட்டவன் இப்போதெல்லாம் மாலையில் போனை எடுப்பதில்லை. "பொறவு பேசுறேன்" என்று மெசேஜ் மட்டும் வருகிறது.

அன்று வெயில் தாழ்ந்ததும் அன்சிலா ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வழக்கம் அவர்கள் பக்கம் இல்லை. அம்மாவிடம் சொன்னால் விடமாட்டாள், சொல்லவில்லை. கேட்க வேண்டியதை வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மிக்கேல் வாக்கரைப் பிடித்தபடி, சட்டையெல்லாம் வேர்வையாக நின்றிருந்தார். பின்னால் வல்லரசு இரண்டு கைகளையும் விரித்துத் தயாராக நின்றான். அவன் அம்மா லூர்து, வழியில் கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தாடி, பொண்ணு!" என்றாள் லூர்து.

"அன்சி! என்ன திடீர்னு?" என்றான் வல்லரசு.

"போன் எடுக்காதவங்கள நேர்லதான பாக்கணும்?" என்றாள் அன்சிலா. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தக் கல்யாணம் உண்டா, இல்லையா? பஜ்ஜிக்குச் சொன்ன மாதிரி பட்டுனு சொல்லிருங்க."

வல்லரசு அப்பாவைப் பார்த்தான்.

"அவனைக் கேக்காத தாயி" என்றார் மிக்கேல். "நான்தான் சொல்ல விடல. எங்க வீட்டுல மாப்பிள்ளையை அப்பன்தான் கையப் பிடிச்சு பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போவான். எங்கப்பா என்னைய அப்படித்தான் கூட்டிட்டுப் போனாரு. வீல்சேர்ல இவன் என்னையத் தள்ளிட்டுப் போனா, அது யாரு யாரைக் கூட்டிட்டுப் போறது? நடந்துருவேன்னு பாத்தேன். எப்பன்னு டாக்டருக்கே தெரியல. நாள் தெரியாம உங்க வீட்டுல என்னத்தச் சொல்ல? வாயத் தொறக்காதலேன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே வீம்பு" என்றாள் லூர்து. "நான் சொன்னா யாரு கேக்கா?"

அன்சிலாவுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்! இங்கே தினமும் சாயங்காலம் மூன்று பேர் அவள் கல்யாணத்துக்காக வேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நாள் தெரியலன்னு சொல்லியிருந்தா, தெரியாமலே காத்துக்கிட்டு இருந்திருப்பேன் மாமா. நீங்க வேண்டாம்னு நெனைக்கீங்களோன்னு இருந்தேன் பாருங்க, அதுதான் தாங்க முடியல."

மிக்கேல் தலை குனிந்தார். "இப்ப காத்திருப்பியா தாயி?" என்றார்.

"மொதல்ல எம்புட்டு தூரம் நடக்கீங்கன்னு காட்டுங்க."

அவர் நடந்தார். வாக்கரைத் தூக்கி வைத்து, காலை இழுத்து, நின்று மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி வைத்து. வாசலைத் தொடுவதற்குள் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. வல்லரசு தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான்.

"நேத்து டிவி வரைக்கும்தான்" என்றாள் லூர்து. "இன்னைக்கு மருமக பாக்கான்னு மனுசனுக்கு ரோசம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். காலையில் மெழுகுவர்த்தியை மாற்றி ஏற்றிய கதையை அன்சிலா சொன்னதும், மிக்கேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத தாயி, வலிக்கி" என்று கெஞ்சினார். அப்படியும் சிரிப்பை நிறுத்தவில்லை.

வல்லரசு பஸ் ஸ்டாண்ட் வரை கூட வந்தான்.

"கோபம் போயிருச்சா?"

"பாதி போச்சு."

"மீதி?"

"சத்தியம் பண்ணினா என்ன, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றான். "தப்புதான். இனிமே எதுவரைக்கும் நடந்தாருன்னு தினமும் சொல்லிருதேன்."

"நடக்கலைன்னாலும் சொல்லணும்."

"நடக்கலைன்னாலும் சொல்லுதேன்."

ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. உள்ளே இடம் நிறையவே இருந்தது.

"ஏறலையா?"

"அடுத்ததுல போறேன்" என்றாள் அன்சிலா.