சுவரோரத்து டிரைவர்கள்

சென்னிமலை என்கிற லாரி டிரைவர் சாகாமல் தப்பிய அன்று, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, புதுச்சத்திரத்தில் வசந்தாமணியின் வீட்டுக்குள் வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். அதே நேரத்தில் அவர் கர்னூலுக்கு அந்தப் பக்கம் ஜவ்வரிசி லோடோடு போய்க்கொண்டும் இருந்தார். வசந்தாமணி என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீசல் வாடை அடித்தது. பிளஸ் டூ படிக்கிற மகள் தனப்பிரியா ஆளை அடையாளம் கண்டுகொண்டு அவருடைய நம்பருக்குப் போன் போட்டாள். மறுமுனையில் சென்னிமலையே எடுத்தார். எதிரே வந்த டேங்கர் ஒரு நூல் இடைவெளியில் விலகிப் போனது என்றும், வண்டி முன்னால் அவள் பின்னிக் கொடுத்த கயிறுதான் காப்பாற்றியது என்றும் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை சுவரோரம் இருந்தவர் தலை நிமிரவில்லை.

அந்தக் கயிற்று வியாபாரம் தொடங்கி அப்போது நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. தனப்பிரியாவின் அப்பா நவநீதகிருஷ்ணனும் லாரி டிரைவர்தான், வடக்கு லைன். ஒருமுறை அவர் ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்து சாலையோரக் கல்லில் முட்டி நின்றார். பதறிப்போன மகள் கறுப்புக் கம்பளி நூலை முறுக்கி, சோழியும் படிகாரமும் கோத்து, கீழே குஞ்சம் வைத்து ஒரு திருஷ்டிக் கயிறு பின்னி பம்பரில் கட்டிவிட்டாள். டீக்கடையில் வண்டி நிறுத்தியவர்கள் அதைப் பார்த்து ஆளுக்கொன்று கேட்டார்கள். அந்தப் பக்கத்தில் அமாவாசைக்கு அமாவாசை பழைய கயிற்றைக் கழற்றி ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டுப் புதிது கட்டுவது வழக்கம் என்பதால், ஒருமுறை வாங்கியவர் மாதாமாதம் வந்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் குவிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் சீருடையைக்கூட மாற்றாமல் பின்ன உட்கார்ந்துவிடுவாள். சொந்தமாக ஒரு தொழில் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

சென்னிமலைக்குப் பிறகு மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். சாக வேண்டியவர் எந்த ஊர் சாலையில் பிழைத்தாலும் அன்று பொழுது சாயும்போது வந்து வரிசையில் உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை, எழுந்து போகவும் இல்லை. எல்லோர் முகத்திலும் ஹெட்லைட் வெளிச்சம் நேரே பட்டது போன்ற திகைப்பு மட்டும் அப்படியே நின்றது. முதல் சில வாரம் வசந்தாமணி முந்தானையைப் போர்த்திக்கொண்டு அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு, செத்தவர்களாக இருந்தால்தான் பயப்பட வேண்டும், இவர்கள் உயிரோடு இருக்கிறவர்கள்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, அவர்கள் காலைத் தாண்டித் தாண்டிக் கூட்டிப் பெருக்கினார். தனப்பிரியா அவர்கள் நடுவில் புத்தகத்தை விரித்துவைத்து, கை ஒருபக்கம் பின்ன, வாய்விட்டுப் படித்தாள். அத்தனை பேர் மூச்சு விடுவது கேட்கும். யாருடைய நெஞ்சும் ஏறி இறங்காது. அதுதான் அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை.

ஒருநாள் சென்னிமலை நேரிலேயே வந்தார். சுவரோரம் இருந்த தன்னை வெகுநேரம் பார்த்தார். எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார்.

“அம்மிணி, இவருக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்க. கர்னூல்ல இருந்து எனக்கு நாக்கு வறண்டே கெடக்குது.”

தனப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சுவரோரத்தவர் குடித்தார், எதிரே இருந்தவர் தொண்டையைத் தடவிக்கொண்டு அப்பாடா என்றார். அதன்பின் தினமும் எல்லோருக்கும் தண்ணீர் வைக்கப்பட்டது. இன்னொரு விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. அஞ்சாவதோடு நின்றுபோன சென்னிமலைக்கு, வண்டி ஓட்டும்போது சாயங்காலமானால் ஓம் விதியும் கரிமச் சேர்மங்களின் பெயர்களும் தானாக வாயில் வருகின்றனவாம். கிளீனர் பையன் பயந்துபோய் வேலையைவிட்டே நின்றுவிட்டானாம்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்தது. வகுப்பாசிரியை அறிவுச்செல்வி அவளைத் தனியே அழைத்து, மார்க் இறங்கிக்கொண்டே போவதைக் காட்டி, கயிறா படிப்பா என்று ஒரு முடிவுக்கு வரச் சொன்னார். திட்டவில்லை, அதனாலேயே அது நன்றாக உறைத்தது. தனப்பிரியா அந்த அமாவாசைக்கு ஆர்டர் எடுக்கவில்லை. பரீட்சை முடியட்டும் என்று எல்லோருக்கும் சேதி அனுப்பிவிட்டாள். சேதியைப் பார்க்காமல் நேரில் வந்து நின்றவன் சந்தோஷ்குமார் ஒருவன்தான். புதிதாக லைசென்ஸ் வாங்கிய பையன், கன்னத்தில் குழி விழச் சிரிப்பான். படி அம்மிணி, எனக்கொன்றும் அவசரமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனான். மற்ற டிரைவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பழைய கயிற்றை வண்டியிலேயே விட்டுவைத்தார்கள். சந்தோஷ்குமார் முறை தவறாதவன். வரும் வழியிலேயே பழசைக் கழற்றி ஆற்றில் விட்டுவிட்டு வந்திருந்தான். வெறும் பம்பரோடு போனவன் ஒரு மலை வளைவில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்தான்.

சேதி வந்த அன்று மாலை தனப்பிரியா சுவரோரம் ஓர் இடத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீர் வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல வேறு யாரோ ஒருவர் வந்தார். அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீடு நிறைய உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டு அஞ்சாத பெண், அந்த ஒருவன் வராததைக் கண்டு அஞ்சினாள். வேதியியல் தாளில் பாதியை வெறுமனே விட்டுவிட்டு வந்தாள். தன்னால்தான் அவன் செத்தான் என்று அம்மாவிடம் ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி அழுதாள். வசந்தாமணியும் சேர்ந்து அழுதார்.

அதன்பிறகு அவள் ஒரு ஆர்டரையும் தட்டவில்லை. விரல்களில் நூல் அறுத்த காயம் ஆறவே இல்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு. இயற்பியல் பரீட்சைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை. அதற்கு முந்தின வாரம் ஒருநாள் லீவில் வந்த நவநீதகிருஷ்ணன் மகளுடைய விரல்களைப் பிடித்துப் பார்த்தார். வாசலில் நின்ற தன் வண்டியில் இருந்த கயிற்றைத் தானே அவிழ்த்தார்.

“என்ற வண்டிக்கு இந்த மாசம் வேண்டாஞ் சாமி. ஒரு வண்டி கொறஞ்சா நீ ஒரு பாடம் படிக்கலாமல்ல.”

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அப்பா சங்ககிரிக்கு சிமென்ட் லோடு ஏற்றப் போய்விட்டார். அங்கே வரிசையில் நிற்க நாலைந்து நாள் ஆகும். இரண்டு நாள் அவள் நிஜமாகவே படிக்கப் பார்த்தாள். கண் புத்தகத்தில் இருந்தது, மனசு வெறும் பம்பரில் இருந்தது. ஞாயிறு காலையில் எல்லோருக்கும் பின்னி முடித்தபோது கம்பளி நூல் தீர்ந்துவிட்டது. கடை திறந்திருக்கவில்லை. தனப்பிரியா பள்ளிக்கூடத்துக்குப் பின்னலை மடித்துக் கட்டுகிற கறுப்பு ரிப்பன் இரண்டையும் எடுத்து நீளவாக்கில் கிழித்து முறுக்கி, அப்பாவுக்கு ஒரு கயிறு பின்னினாள். தன் கயிற்றை வாங்க வந்த சென்னிமலை சங்ககிரி வழியாகத்தான் போகவிருந்தார். அவரிடம் கொடுத்து, அப்பாவிடம் சொல்லாமல் கட்டிவிடச் சொன்னாள்.

பொழுது சாய்ந்தது. சுவரோரத்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசல் விளக்கடியில் அவள் லென்ஸ் விதியைத் திரும்பத் திரும்பச் சத்தமாகப் படித்தாள். அந்த ஒன்று மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்றது. கொல்லைக்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் போன் அடித்தது. அப்பா. வண்டி ஓரமாக நிற்கிறது என்றார். பிரேக் பிடிக்காமல் பின்னால் வந்த டிரெய்லர் தானாகத் திரும்பி வயலில் இறங்கிவிட்டது, யாருக்கும் ஒன்றுமில்லை, அம்மாவிடம் சொல்லாதே என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏஞ் சாமி, வாயில என்னென்னமோ வருது. தூண்டப்பட்ட மின்னோட்டம், அதைத் தூண்டுன மாற்றத்தையே எதிர்க்கும்னு. இது என்னது?”

தனப்பிரியாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அது லென்ஸ் விதி என்று சொன்னாள். ஒருதரம் முழுசாகச் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார், ஓர் எழுத்து பிசகவில்லை. போனை வைத்துவிட்டு, திரும்பாமலே, அந்த விதியை இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகப் படித்தாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் ரிப்பன் இல்லாமல் பரீட்சைக்குப் போனாள். பள்ளிக்கூட வாசலில் நின்ற அறிவுச்செல்வி தன் பையிலிருந்து இரண்டு ரப்பர் பேண்ட் எடுத்துக் கொடுத்தார். லென்ஸ் விதி கேட்கப்பட்டிருந்தது. மார்க் பிரமாதம் என்று சொல்ல முடியாது. நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கிடைக்கப் போதுமானதாக இருந்தது. இப்போதும் பஸ்ஸில் போய்வந்துகொண்டே பின்னுகிறாள்.

அந்த சிமென்ட் லோடை இறக்கிவிட்டு நவநீதகிருஷ்ணன் வீட்டுக்கு வந்த அன்று, சுவரோரம் திகைத்த முகத்தோடு இருந்த தன்னைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்காரக் குனிந்தார்.

“அங்க வேண்டாங்கப்பா,” என்றாள் தனப்பிரியா. “அது சந்தோஷ்குமார் அண்ணனோட எடம்.”

அவர் நகர்ந்து, சுவரோரம் இருந்த தனக்கு மறுபக்கமாக உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு சுவரோரம் நிறைந்து, ஆட்கள் அடுப்படிவரை உட்காரும்படி ஆயிற்று. புதிதாக வருகிறவர்களும் யாரும் சொல்லாமலே அந்த ஓர் இடத்தைத் தாண்டிப் போய்த்தான் உட்காருகிறார்கள். அங்கேயும் சாயங்காலமானால் ஒரு சொம்பு தண்ணீர் வைக்கப்படுகிறது. அது காலையில் அப்படியே இருக்கும். வசந்தாமணி அதை எடுத்துப்போய் முருங்கைக்கு ஊற்றிவிட்டு, சொம்பை விளக்கிக் கவிழ்க்கிறார்.