அரைப் பேர்

விடியுமுன்பே கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்கியாயிற்று. தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் நான், எஞ்சின் பிடி. அந்தப் பக்கம் வேலம்மா, மறுபிடி. நடுவில் கத்தி நறநறவென்று கொழுந்து, காம்பு, முற்றல் எல்லாவற்றையும் பேதமில்லாமல் அறுத்தது. ஒரு தவளையையும் அறுத்தது. அதுவும் மெஷினுக்குப் பின்னால் கட்டிய பைக்குள்தான் போயிற்று. பிரிஞ்சாங் டவுன் ஓட்டலில் யாரோ பால் ஊற்றிக் குடிப்பார்கள். நனைந்து கனத்த பையை இழுப்பதும் வேலம்மாதான். நான் இழுப்பது பீடி மட்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். கையால் கிள்ளிய காலத்தில் வேலம்மா முழுப் பேர்க்காரி. மெஷின் வந்ததும் எஞ்சின் பிடிக்கும் ஆண்களுக்கு முழுப் பேர், மறுபிடிப் பெண்களுக்கு அரைப் பேர் என்றாயிற்று. அந்த அரை போதாமல், அடுத்த மாதம் மகள் ஜெயாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்குக் கூட்டிவரப் போவதாக வேலம்மா சொன்னாள்.

வேலம்மாவுக்கு முழுப் பேர் கேட்டதற்கு, தோட்டத் துரை ஜீப்பை விட்டு இறங்காமலே பேசினார்.

“வெட்டுறது மெஷின். அவ சும்மா புடிச்சிட்டு நடக்கிறா. நடக்கிறதுக்கு முழுப் பேரா?”

“நீங்க ஒரு நிரை சும்மா நடந்து பாருங்க லா, துரை,” என்றேன்.

“நீ முழுப் பேருதானே வாங்குற, பக்கிரிசாமி? உனக்கென்ன வலி? பையில காம்பு கூடினா, அவ அரையிலயும் வெட்டுவேன்.”

“கத்திக்குக் கண்ணு இருக்கா துரை?” என்றாள் வேலம்மா.

ஜீப் எங்கள் முகத்தில் புகையைத் துப்பிவிட்டுப் போயிற்று.

“என்னை இடுப்போட அறுத்து, பாதியை வீட்டுல விட்டுட்டு வரச் சொல்றாங்கண்ணே,” என்றாள். எதற்கும் சிரிக்கிற எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் குழாயடியில் மற்ற எஞ்சின் பிடிக்காரர்களிடம் அதைச் சொன்னேன். அவரவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி தங்கராஜு பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

“பக்கிரிசாமி!”

“பாதிதான் வந்திருக்கு ஐயா. மீதி லயத்து வீட்டுல படுத்திருக்கு. வேலம்மாவுக்கு முழுப் பேரு போடுங்க, எந்திரிச்சு வரும்.”

“விளையாடாதே லா. உன் பேரும் அரையாயிடும்.”

பீடியைக் காதில் செருகிக்கொண்டேன்.

“ஆவட்டும்.”

“அர்ஜுனன்!”

துரையின் நிழலுக்கே கும்பிடு போடுகிறவன் அவன். தொண்டையைச் செருமினான்.

“பாதி.”

“சிவசாமி!”

“பாதிதான் ஐயா.”

ஆண்கள் வரிசை முடியும்வரை வேறு பதிலே வரவில்லை. மேட்டில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. மெஷின்கள் பனியில் நனைந்து கிடந்தன, தூக்க ஒருவரும் குனியவில்லை.

கிராணியின் குரல் இறங்கியிருந்தது.

“வேலம்மா...”

“முழுசா வந்திருக்கேன்,” என்றாள் அவள்.