நானூற்றுத் தொண்ணூற்றொன்பது சதுர மீட்டர்

1.

"யோவ் கிரேம், உன் மேட்டு மண்ணு என் சிப்பிக்கு நடுவுல எப்படி வந்துச்சு? நடந்தா வந்துச்சு?"

"மழை பெஞ்சா ஓடை கலங்கத்தான் செய்யும் நைரி. மழைக்கும் நான்தான் பொறுப்பா?"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். காய்ந்த துணியையே இரண்டாம் முறை கொடியில் போட்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2.

கிரேம் டக்வெல் முப்பது வருடம் ரக்பி நடுவராக இருந்தவர். விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்பவர்கள் விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டை எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அவருடைய மகள் பிரான்வினுக்குக் கல்யாணம். பந்தல் போட வீட்டுப் பின்சரிவில் சமதளம் வேண்டும். எங்கள் ஊர்க் கவுன்சிலின் விதி: ஐந்நூறு சதுர மீட்டரோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறினால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தண்ணீர் எங்கே ஓடும், மண்ணை எது தடுக்கும் என்று வரைந்து காட்ட வேண்டும்.

கிரேம் நூல் பிடித்து அளந்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது வெட்டினார். அடுத்த வாரக் கடைசியில் இன்னொரு நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. நடுவில் புல்வெட்டும் இயந்திர அகலத்துக்கு இரண்டு பச்சைக் கோடுகளை வெட்டாமல் விட்டார். "மூணும் தனித்தனி வேலை" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பாராட்டினேன்.

(மண்தடுப்புத் துணியும் கட்டினார். மேட்டில், சாலையோரமாக, விருந்தாளிகள் பார்வைக்கு. மண் இறங்கும் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.)

3.

அன்று வானம் கருத்து, மலைக்குப் பின்னால்

வேண்டாம். வானத்தை வர்ணித்தால் பழி வானத்தின் மேல் விழும். இரண்டு நாள் மழை. மூன்று தனித்தனி வேலைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஓடையில் இறங்கின. ஓடை முடியும் கழிமுகத்தில் நைரி விற்பனைக்குச் சிப்பி வளர்க்கும் அடுக்குகள். அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம். கணவன் போனபின் அவளுக்கு இருந்தது அந்த அடுக்குகள் மட்டும்.

4.

கிரேமை இவ்வளவு அற்பமாக எழுதலாமா என்று நடுவில் சந்தேகம் வந்தது. என் முழங்கால் அறுவைச் சிகிச்சையின்போது குளிர்காலம் முழுக்க விறகு பிளந்து போட்டவர். அதை ஒரு பத்தியாக எழுதிப் பார்த்தேன். சேற்றின் நிறம் மாறவில்லை. அடித்துவிட்டேன்.

5.

சண்டைக்குத் திரும்புவோம். நைரி வாளியிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துக் கத்தியால் திறந்தாள். உள்ளே தேநீர் நிறத்தில் குழம்பு. கிரேமின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் டஜன் டஜனா முழுங்குவியே. இதையும் முழுங்கு."

அவர் விதியைச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் பிரான்வின் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அப்பா, பர்மிட் வாங்கியாச்சுன்னு சொன்னீங்களே?"

"தேவையில்லைன்னுதான் சொன்னேன்."

"வாங்கியாச்சுன்னு சொன்னீங்க."

நடுவருக்கு ஊத விசில் இல்லை. நைரி வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது என் கொடியைப் பார்த்தாள்.

"நீ மூணு வாரமா பாத்துட்டுத்தானே இருந்த?"

6.

முடிவுகள்.

முதலாவது: முதல் துண்டு வெட்டியவுடன் நான் கவுன்சிலுக்குப் போன் செய்கிறேன். அதிகாரி வருகிறார். கிரேம் என்னோடு ஒரு வருடம் பேசுவதில்லை. சிப்பிகள் பிழைக்கின்றன. இந்த முடிவில் ஒரே குறை, நான் போன் செய்யவில்லை. எண் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தது. இரண்டாவது துண்டின்போது, மூன்றாவதையும் வெட்டுகிறாரா பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாவது: நைரி மன்னித்து (இதை முடிக்க முடியவில்லை.)

நடந்தது: அந்த வருடம் அறுவடை இல்லை. கவுன்சில்காரர்கள் மூன்று எண்களையும் கூட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கூட்டல் தெரிந்திருந்தது. புல்லைத் திரும்ப நடுவதற்கே கிரேம் அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. பிரான்வின் ஊர் மண்டபத்தில் கல்யாணம் செய்துகொண்டு கணவனோடு பெர்த்துக்குப் போய்விட்டாள். வீட்டை விற்ற கிரேம் சரிவே இல்லாத ஒரு ஊரில் இருக்கிறாராம். நைரி அடுக்குகளைக் கைமாற்றிவிட்டு இன்வர்கார்கிலில் தம்பி வீட்டுக்குப் போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த அடுக்குகளை இப்போது புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி பார்த்துக்கொள்கிறது. கிரேமின் வீட்டை வாங்கியவர் நேற்று மண் அள்ளும் இயந்திரம் ஒன்றை இறக்கினார். இன்று காலையிலிருந்து நூல் பிடித்து அளந்துகொண்டிருக்கிறார்.

எண் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. நான் கொடியருகே நிற்கிறேன். கூடையில் ஈரத்துணி ஒன்றுமில்லை. மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்; என்னைத்தான் இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்குமே.