பூட்டிய இருபத்து மூன்று வீடுகள்

வீட்டுக்கு இரண்டரைப் பேர்! கணக்கை எஞ்சினியர் வைகுண்டராஜ் சாருக்கு அனுப்பிவிட்டு, மூன்று நாள் அலைச்சல் தீர்ந்த மிதப்பில் தெருக்குழாயில் குடத்தை வைத்தேன். எங்கள் ஊருக்குப் புதுக் குடிதண்ணீர்த் தொட்டி வருகிறது. எவ்வளவு பெரிசு என்பதை நான் எடுக்கிற ஆள் கணக்குதான் சொல்ல வேண்டும். தொள்ளாயிரம் வீட்டையும் எண்ண நேரமில்லை; பதினைந்துக்கு ஒன்றாக அறுபது வீடு பார்த்து, சராசரியைப் பெருக்கிக்கொள்வதாக ஏற்பாடு.

மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கிய முத்துப்பேச்சி மதினி நேரே குழாயடிக்கு வந்தாள்.

“ஏத்தா நாகஜோதி, வீடு வீடா ஆளு எழுதுனியாம்ல. எங்க வீட்டுல ஏழு பேரு. எங்கன எழுதுன?”

“பூட்டிக் கெடந்துச்சு மதினி. பூட்டியிருந்தா அடுத்த வீட்டுல எழுதச் சொன்னாக.”

“அடுத்த வீட்டுல கெழவனும் கெழவியும் ரெண்டே பேரு. அவுக குடிக்கிற தண்ணி எங்க ஏழு பேருக்குக் காணுமாக்கும்?”

சுரீர் என்றது. விடியுமுன் ஜீப்பேறி மலைக்குப் போகிற வீடுகள்தானே பகலில் பூட்டியிருக்கும்! பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போயிருக்கும். ஆள் நிறைந்த வீட்டையெல்லாம் விட்டுவிட்டு, ஆள் குறைந்த வீடாகப் பார்த்து எழுதியிருக்கிறேன். இதே தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லையே. என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உடனே சாருக்குப் போன் போட்டேன்.

“கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கத்தாம்மா செய்யும். நாளைக்கு பிளான் போகணும்.”

“முன்னப் பின்ன இல்ல சார், எல்லாமே கொறைஞ்சுதான் இருக்கு. அறுபதுல இருபத்து மூணு வீடு பூட்டு. அம்புட்டும் வேலைக்குப் போற வீடு.”

சார் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. “நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது.”

மறுநாள் நாலு மணிக்கே ஜீப் நிற்கிற இடத்தில் நோட்டோடு நின்றேன். இறங்க இறங்கப் பிடித்தேன். சிக்காதவர்கள் வீட்டுக்கு ஓடினேன். ஆறே முக்காலுக்கு இருபத்து மூன்று வீடும் முடிந்தது. நூற்றுப் பதினைந்து பேர்! வீட்டுக்கு ஐந்து! மற்ற முப்பத்தேழு வீட்டோடு சேர்த்தால் சராசரி மூன்றரை. வீட்டுக்கு ஒரு ஆள் கூட, ஊரில் தொள்ளாயிரம் பேர் ஒரே நாளில் கூடிவிட்டார்கள். அவ்வளவு பேருக்கும் தண்ணீர் இல்லாமல் பண்ணப் பார்த்தேனே! ஏழு மணிக்குள் சாருக்கு அனுப்பியதும், ஜெயித்துவிட்டோம் என்று சிரிப்பும் வந்தது.

அடுத்த மாதம் சார் வந்து, ஊர் மந்தைப் பொட்டலில் சுண்ணாம்புத் தூளால் தொட்டிக்கு வட்டம் போட வைத்தார். நல்ல பெரிய வட்டம். அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. மதினி தோட்ட வேலைக்கு இடுப்பில் கட்டிய சாக்கோடு குதித்து வந்து, வட்டத்துக்குள் நின்று குலவை போட்டாள். ஜீப்பிலிருந்த அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் நின்ற சார் அளக்கிற டேப்பைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.