கொளுத்திப் பார்த்த ஊசி

சுப்பராயலுவுக்கு எதையும் கொளுத்திப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஆரணியில் பட்டுச் சேலை வாங்கி விற்பவர். யார் சேலை கொண்டுவந்தாலும் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுவார். மயிர் கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அசல் பட்டு. உருகி உருண்டையாகத் திரண்டால் கலப்படம். கொண்டுவந்தவருக்கு வாசலைக் காட்டிவிடுவார். தொழிலுக்கு நல்ல குணம்தான். வீட்டுக்குள்ளும் அதையே வைத்துக்கொண்டதுதான் வம்பு.

போன வருஷம் அவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று வேலூரில் சொன்னார்கள். ஆண் ஹார்மோன்தான் அந்தக் கட்டிக்குத் தீனி, அது சுரக்காமல் நிறுத்த மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்றார் டாக்டர். ஆம்பளைத்தனத்தையே அடக்குகிற ஊசி என்று இவராகவே பேர் வைத்து, இவராகவே வெட்கப்பட்டுக்கொண்டார். மனைவி ராஜம்மாள், மகன் ஹேமநாத், மருமகள் லாவண்யா தவிர யாருக்கும் தெரியாது. தெருவுக்கு அது சக்கரை ஊசி.

ஊசி வாங்கிவருவது ஹேமநாத். ஆரம்பத்தில் ரத்தப் பரிசோதனையில், கட்டியின் போக்கைக் காட்டும் எண் மளமளவென்று இறங்கியது. இந்த முறை ரிப்போர்ட் போனில் வந்தது, எண் ஏறியிருந்தது. டாக்டரைப் பார்க்க ஒரு வாரம் இருந்தது. சந்தேகத்துக்கு ஒரு வாரம் தாராளம்.

ஊசி தவறாமல் போட்டாயிற்று. அப்புறம் ஏன் ஏறுகிறது? ஊசியில்தான் கோளாறு. வாங்குவது யார்? இங்கே வந்து நின்ற மனசு அப்புறம் நகரவே இல்லை. விசைத்தறி போடலாம் என்று பையன் நச்சரிக்கிறான். 'நான் இருக்கிற வரைக்கும் நடக்காது' என்று சொன்னது நான்தானே? பாவி, அதற்குத்தான் காத்திருக்கிறானோ? ஹேமநாத் போன் பேச மாடிக்குப் போனால் இவர் படிக்கட்டில் காதை வைத்தார். மருந்துக்கடையை மாற்றியிருக்கிறான் என்று தெரிந்ததும் முகம் சிவந்துபோனது.

"பழைய கடையில ஸ்டாக் இல்ல நைனா" என்றான் அவன்.

திருடன் வேறென்ன சொல்வான்?

ராஜம்மாள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஃபிரிட்ஜில் இருந்த புது ஊசியைப் பிரித்தார். போடும்போதெல்லாம் வெட்கத்தில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவர், உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். தண்ணீராக எதுவுமில்லை. அரிசி போல ஒரு சின்னத் துண்டு. கரண்டியில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். அது உருகியது.

அவ்வளவுதான். கரண்டியோடு தெருவுக்கு ஓடினார்.

"சக்கரை ஊசின்னு பிளாஸ்டிக்க வாங்கியாந்து வச்சிகினு, அப்பன் எப்போ சாவான்னு பாத்துகினு இருக்கான்யா!"

எதிர்வீட்டு வேணுகோபால் முதல் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஹேமநாத் ஒரே வார்த்தையில் நோயின் பேரைச் சொல்லி அப்பாவின் வாயை அடைத்திருக்கலாம். சொல்லவில்லை. "உள்ள வாங்க நைனா" என்று மட்டும் கெஞ்சினான். சாயங்காலமே லாவண்யாவைக் கூட்டிக்கொண்டு போளூரில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான்.

வேலூரில் டாக்டர் மதிவதனி, தாளில் மடித்துக் கொண்டுபோன அந்த உருகலைப் பிரித்துப் பார்த்தார்.

"இதைக் கொளுத்துனீங்களா? மெதுவா கரையற பொருள்ல மருந்தைக் கலந்து வச்சிருப்பாங்க. நெருப்புல வச்சா உருகத்தாங்க செய்யும். உங்க ரத்தத்துல ஆண் ஹார்மோன் அனேகமா இல்லவே இல்ல. இதுவரைக்கும் போட்டது அத்தனையும் அசல்."

"அப்புறம் ஏம்மா ஏறுது?"

"ஹார்மோன் எவ்வளவுங்கறது மட்டும் விஷயமில்லைங்க. அதைப் பிடிச்சுக்கிற ஏற்பின்னு ஒண்ணு திசுக்கள்ல இருக்கு. எத்தனை வச்சுக்கறது, பிடிச்சதை என்ன பண்றதுங்கறதெல்லாம் அந்தந்த இடத்தோட முடிவு. அதே ஹார்மோன் முகத்துல தாடியை வளர்க்குது, தலையில முடியைக் கொட்ட வைக்குது, பாருங்க. நாம வரத்தை நிறுத்தினோம். உங்க கட்டி ஏற்பிகளைப் பெருக்கிக்கிட்டிருக்கணும். இப்போ துளி கிடைச்சாலும் அதுக்குப் போதும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "யாரும் உங்களுக்கு எதுவும் பண்ணலைங்க. உங்க உடம்புக்குள்ளேயே நடந்தது. ஏற்பியை அடைக்க மாத்திரை தரேன். ஊசியும் விடக்கூடாது, ஜல்தியா போட்டுடுங்க."

சுப்பராயலுவுக்கு நோயின் பயம்கூட அப்போது வரவில்லை. வெட்கம்தான் வந்தது, இந்த முறை நியாயமான வெட்கம். ஆஸ்பத்திரி வாசலிலேயே மகனுக்குப் போன் போட்டார்.

"தப்பு பண்ணிட்டேன்டா. வந்துடு."

"ஊசி வாங்கி அனுப்பறேன் நைனா. நான் எப்படி வர்றது? அப்பனைக் கொல்லப் பாத்தவன்னு தெருவே சொல்லுது." போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலை தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக அக்கம்பக்கம் முழுக்க அங்கேதான். சுப்பராயலு நடுவில் போய் நின்றார். ஊர்ப் பஞ்சாயத்துகளில் முழங்கியவர், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு சக்கரை இல்ல. கேன்சரு. ஒண்ணுக்குப் போற எடத்துல. ஆம்பளை ஹார்மோனை நிறுத்தறதுக்குத்தான் ஊசி. அந்த ஊசி அசல். எம்புள்ளை மேல சொன்னதெல்லாம் பொய்."

வேணுகோபால் ஓடிவந்து தோளைப் பிடித்தார். "இன்னாய்யா இது, பொம்பளைங்க இருக்காங்க. இதைப் போயி நடுத்தெருவுல சொல்லிகினு..."

"எம்புள்ளை இந்தத் தெருவுல நடக்கணும்யா" என்றார் சுப்பராயலு.