என் போனில் சரியாக இருக்கிறது

ஆறரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். ஒரு ஆளுக்குக் காபி போட்டேன். சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். என் மனைவியின் அப்பா. அவள் மேசையில் இருந்தவற்றை அலுவலகம் ஒரு பெட்டியில் கட்டி, பதிவில் இருந்த பழைய முகவரிக்கு, அவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அதிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"மாப்பிள்ளை, எச்சரிக்கைன்னு போட்டிருக்கு. சோதனையில கவனக்குறைவாம். பூட்டின கதவ மூணு தடவ இழுத்துப் பார்க்கறவ அவ. அவளா விட்டுட்டா?"

அவளும் நானும் ஒரே அலுவலகம். வெளியூர்ப் பேருந்துக்குச் சீட்டு விற்கும் செயலி. நான் எழுதுவேன், அவள் சோதிப்பாள். பக்கத்து நாட்டுக்கும் அதைக் கொண்டுபோனோம். போனின் மொழியை மாற்றினால் விலைக்கு முன்னால் இருந்த நாணயக் குறி மாறியது. எண் மாறவில்லை. நம் காசில் நானூறாக இருந்த சீட்டு, அவர்கள் காசில் நானூறு என்று தெரிந்தது. வங்கி நம் காசின் மதிப்பில் பிடித்ததோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

வெளியிடுவதற்கு முன்பே அவள் இதை அலுவலகப் புகார்ப் பட்டியலில் எழுதிப் போட்டிருந்தாள். என் போனில் திறந்து பார்த்தேன். 'என் போனில் சரியாக இருக்கிறது' என்று பதில் எழுதிப் புகாரை மூடினேன். மூடியவை மேனேஜர் பார்வைக்குப் போகாது. மொழியை மாற்றிப் பார்க்கவில்லை. அரை நிமிட வேலை.

வீட்டில் தட்டு கழுவிக்கொண்டே மறுபடி சொன்னாள். "உன் போன்தான் உலகமா? மொழிய மாத்திப் பாருப்பா."

"ஆபீஸ ஆபீஸோட விடு" என்றேன்.

வெளியான மூன்றாம் நாள் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். சோதனையில் இது கண்ணில் படவில்லையா என்று கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்க வேண்டிய நேரத்தை முழுசாகக் கொடுத்தாள். பிறகு, "விட்டுப்போச்சு சார்" என்றாள்.

இருக்கைக்குத் திரும்பும்போது, "நீ உடைச்சா மண்குடம், நான் உடைச்சா பொன்குடம்" என்று சிரித்தாள். "நாளைக்கு நீயே போய்ச் சொல்லிடு."

"சொல்றேன்" என்றேன்.

பத்தொன்பது நாள் மேனேஜர் அறையைத் தாண்டிப் போனேன். இருபதாம் நாள் அவளுக்கு வயிற்று வலி. ஆபரேஷனிலிருந்து அவள் திரும்பவில்லை.

தேய்ப்புப்பெட்டியை அணைத்தேன்.

"அவ விடல மாமா. அவ சொன்னா. நான்தான் மூடினேன். கேட்டப்பவும் வாயத் திறக்கல."

மாமா கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆபரேஷனுக்குப் போறப்போ 'அப்பாவப் பார்த்துக்கோ'ன்னு சொன்னான்னீங்களே. அதாச்சும் நிஜமா?"

அவளை எடுத்த அன்று அவர் அழுததைப் பார்க்க முடியாமல் நானாகச் சொன்னது அது. அதை அவர் உறவுக்காரர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"இல்ல மாமா."

"பின்ன என்னதான் சொன்னா?"

ஆபரேஷன் அறை வாசலில் கதவு திறப்பதற்காகத் தள்ளுகட்டில் கொஞ்சம் நின்றது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டியா?"